சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது?

இன்னைக்கு நான் பேசப்போறது உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டி வண்டி பத்தி. சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும், அடியில பிளேடு சுத்தும். ரிசார்ட்லயோ விளையாட்டு மைதானத்துலயோ பார்த்திருப்பீங்க. "எங்க பால்கனியில ரெண்டு தொட்டிதான் இருக்கு, எங்களுக்கு எதுக்குங்க இது?"ன்னு நீங்க கேக்கலாம். மாசக்கணக்கா மூலையில கிடந்த பழைய ஸ்கூட்டரை உதைச்சு உதைச்சு கால் வலிச்சவங்க, கரன்ட் போன ராத்திரி ஜெனரேட்டர் கயித்தை இழுத்துத் தோள் வலிச்சவங்க, எல்லாருக்கும் இதே கதைதான்.

நான் சின்ன இஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவன். வேலையெல்லாம் காலாப்பட்டு, அதைச் சுத்தி. புதுச்சேரிக்கு வடக்கே, ஈ.சி.ஆர் ரோட்டுல இருக்கிற ஊர். மூணு பக்கம் தமிழ்நாடு, கிழக்கே கடல். பல்கலைக்கழகம், கல்லூரிகள், ரோட்டோர ரிசார்ட்டுகள்னு புல்வெளிக்கு இங்க பஞ்சமே இல்லை.

எனக்கு அதிகமா போன் வர்ற மாசம் டிசம்பரும் ஜனவரியும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல பிடிச்சா தரை காயாது. ஈரப்புல்லை வெட்ட முடியாது. வண்டி அஞ்சாறு வாரம் ஷெட்லயே நிக்கும். 2024 நவம்பர் 30 அன்னைக்கு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில ஏறினப்போ, ஒரே நாள்ல புதுச்சேரியில 45 சென்டிமீட்டருக்கு மேல மழை. அதுக்கப்புறம் எத்தனை ஷெட்ல எத்தனை வண்டி சும்மா நின்னிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மழை விட்டதும் புல் முழங்கால் உயரம். புது வருஷத்துக்கு கெஸ்ட் வர்றாங்க. அன்னைக்குப் பார்த்து வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அப்போ முதல் திட்டு யாருக்கு விழும்? வண்டி ஓட்டுற அண்ணனுக்கு. "நீ என்னய்யா பண்ண?" அவர் தினக்கூலி. வண்டி ஓடலன்னா அன்னைக்குக் கூலி போச்சு, பேரும் கெட்டுப்போச்சு. என் அனுபவத்துல அவர் ஓட்டினதால கெட்ட வண்டி கம்மி. ஓட்டாம நிறுத்தி வெச்சதால கெட்ட வண்டிதான் அதிகம். அதனால நான் போனதும் முதலாளிகிட்ட பேசுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ரெண்டு கேள்வி கேப்பேன். "கடைசியா என்னைக்கு ஓடிச்சுண்ணே? சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருது?" பாதி ரிப்பேர் இந்த ரெண்டு பதில்லயே முடிஞ்சிடும்.

சத்தமே இல்லைன்னா, வண்டி உங்களை ஸ்டார்ட் பண்ண விடலைன்னு கூட அர்த்தமா இருக்கலாம். இந்த வண்டியில பாதுகாப்பு சுவிட்ச் மூணு இடத்துல இருக்கும்: பிரேக் பெடல்ல ஒண்ணு, பிளேடு லீவர்ல ஒண்ணு, சீட்டுக்கு அடியில ஒண்ணு. நிறைய மாடல்ல பிரேக்கை முழுசா மிதிக்கலன்னாலோ, பிளேடு ஆன்ல இருந்தாலோ ஸ்டார்ட்டர் சுத்தவே சுத்தாது. போன்லயே, "பிளேடு லீவரை இறக்கிட்டு, பிரேக்கை நல்லா அழுத்தி மிதிச்சுத் திருப்பிப் பாருங்க"ன்னு சொல்லி வேலை முடிஞ்ச நாள் உண்டு. அதுக்கு நான் காசு வாங்குறதில்லை. அப்பவும் சத்தம் இல்லன்னா ஃபியூஸைப் பாருங்க.

டக்டக்டக்னு வேகமா அடிச்சா பெரும்பாலும் பேட்டரி. ஒரே ஒரு டக் கேட்டு நின்னா சோலனாய்டு, ஸ்டார்ட்டர், இல்லன்னா லூசான கேபிள். 12 வோல்ட் பேட்டரி முழுசா சார்ஜ் ஆகி சும்மா இருக்கும்போது மல்டிமீட்டர்ல 12.6 பக்கம் காட்டணும். 12.2-ன்னா பாதிதான் இருக்கு. ஆனா உடனே புது பேட்டரி வாங்கிடாதீங்க. நம்ம ஊர் உப்புக்காத்துல டெர்மினல் பச்சையும் வெள்ளையுமா பூத்துப்போயிடும். பேட்டரியில கரன்ட் இருக்கும், வெளியே போக வழி இருக்காது. நெகட்டிவை முதல்ல கழட்டுங்க. தண்ணியில ஆப்பசோடா கலந்து பழைய பிரஷால தேய்ச்சுக் கழுவி, நல்லா காய வெச்சு இறுக்கி மாட்டுங்க. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மேல கொஞ்சம் கிரீஸ் தடவினா அடுத்த மழை வரைக்கும் தாங்கும்.

இன்னொரு சத்தம் இருக்கு. பேட்டரி நல்லா இருக்கு, ஆனா இஞ்சின் அரை சுத்து சுத்தி முட்டிக்கிட்டு நிக்கும். எல்லாரும் பேட்டரி, ஸ்டார்ட்டர்னு மாத்தி மாத்தி செலவு பண்ணுவாங்க. ஒத்தை சிலிண்டர் வண்டிகள்ல வால்வ் இடைவெளி அதிகமாகியிருந்தா இப்படி ஆகும். ஸ்டார்ட் பண்ணும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடறதுக்குன்னு உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. இடைவெளி கூடிப்போனா அது வேலை செய்யாது. புது ஸ்டார்ட்டர் வாங்க வேண்டியதில்லை. வால்வை அளவு பார்த்து சரி பண்ணினா போதும்.

சரி, இஞ்சின் நல்லா சுத்துது, ஆனா பத்திக்கலன்னா? அப்போதான் பெட்ரோல் பக்கம் வரணும். இங்க நீங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. இப்போ பங்க்ல நாம போடறது இ20. 20 சதவீதம் எத்தனால். 2025-ல அந்த இலக்கை எட்டிட்டதா மத்திய அரசு அறிவிச்சது. புது பைக், கார்களை அதுக்கேத்த மாதிரி செய்றாங்க. ஆனா பெரிய புல்வெட்டி இஞ்சின் கம்பெனிகளோட கையேட்டைப் பிரிச்சுப் பாருங்க, 10 சதவீதத்துக்கு மேல வேண்டாம்னு இருக்கும்.

எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். கடலோரத்துல, மழை மாசத்துல, பாதி காலியான டேங்க்ல ஆறு வாரம் நின்னா என்ன ஆகும்? தண்ணி ஒரு அளவுக்கு மேல சேர்ந்ததும், எத்தனாலையும் கூட்டிக்கிட்டு பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு அடியில தங்கிடும். இஞ்சின் உறிஞ்சறது அடியிலிருந்துதான். அதனால முதல்ல அதுக்குக் கிடைக்கிறதே தண்ணிதான். கார்புரேட்டருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தைக் கழட்டி, அதுல இருக்கிறதை ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி வெச்சுப் பாருங்க. நடுவுல கோடு போட்ட மாதிரி ரெண்டா பிரிஞ்சு நின்னா காரணம் கிடைச்சாச்சு. இதை இஞ்சின் ஆறின பிறகு, திறந்த வெளியில செய்யணும். பக்கத்துல பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது.

கிண்ணத்துல பிசின் மாதிரி ஒட்டியிருந்தா ஜெட் அடைச்சிருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு, மெல்லிசான செம்புக்கம்பி இழை ஒண்ணு விட்டு எடுங்க. குண்டூசி விடாதீங்க. துளை பெருசானா இஞ்சின் அதுக்கப்புறம் ஒழுங்கா ஓடாது.

பிளக்கையும் கழட்டிப் பாருங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, பத்திக்கல. துடைச்சுக் காய வெச்சு, சோக் போடாம முயற்சி பண்ணுங்க. காய்ஞ்சிருந்தா பெட்ரோலே வரலன்னு அர்த்தம்: டியூப், ஃபில்டர், டேங்க் மூடியில இருக்கிற காத்துத்துளை, இந்த வரிசையில பாருங்க. அந்தத் துளை அடைச்சிருந்தா வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டு நிமிஷத்துல நின்னுடும். தீப்பொறி வருதான்னு பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிக்கோங்க, கையில பிடிச்சு பார்க்காதீங்க. சும்மா நின்ன வண்டியில ஏர் ஃபில்டருக்குள்ள எலி பஞ்சு சேர்த்திருக்கும், சைலன்ஸர்ல குளவி மண் கூடு கட்டியிருக்கும். அதையும் ஒரு பார்வை பாருங்க.

இப்போ நான் கோபமா பேசப்போற இடம். சீட்டுக்கு அடியில இருக்கிற சுவிட்சும் உப்புக்காத்துல துரு பிடிக்கும். அப்போ வண்டி ஸ்டார்ட் ஆகும், பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் நின்னுடும். நிறைய பேர் என்ன பண்றாங்கன்னா, சுவிட்சைக் கழட்டிப்போட்டு ரெண்டு ஒயரையும் முறுக்கி விட்டுடறாங்க. அஞ்சு நிமிஷ வேலை, காசும் மிச்சம்.

அந்த சுவிட்ச் எதுக்குன்னு தெரியுமா? ஓட்டுறவர் சீட்டை விட்டு எழுந்தாலோ, மேட்டுல வண்டி சாய்ஞ்சு கீழே விழுந்தாலோ, இஞ்சினை நிறுத்தி பிளேடையும் நிறுத்தறதுக்கு. ஈரப்புல் அடைச்சுக்கிச்சுன்னா இறங்கிக் குனிஞ்சு கையால எடுக்கிறது எல்லாருக்கும் பழக்கம். ஒயரை முறுக்கி விட்ட வண்டியில அப்பவும் பிளேடு சுத்திக்கிட்டே இருக்கும். ஒரு இடத்துல இப்படி ஒயர் முறுக்கின வண்டியைப் பார்த்தேன். மேனேஜர், "ஒரு வருஷமா இப்படித்தானே ஓடுது, நீங்க பெட்ரோல் வேலையை மட்டும் பாருங்க"ன்னார். ஓட்டுற அண்ணனைக் கேட்டேன். அவருக்கு அப்படி ஒரு சுவிட்ச் இருக்கிறதே தெரியாது. ஒரு வருஷமா அதுல உட்கார்ந்து ஓட்டியிருக்கார், யாரும் சொல்லல. நான் புது சுவிட்ச் போடாம வண்டியைக் கொடுக்கலை. அவர் எதிர்ல சீட்டை விட்டு எழுந்து, இஞ்சின் நிக்குதுன்னு காட்டிட்டுத்தான் வந்தேன். மேனேஜர் அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடல, பரவாயில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகணும்ங்கிற அவசரத்துல நாம வெட்டி விடற ஒயர், இன்னொருத்தர் கால் சம்பந்தப்பட்டது.

கடைசியா, அடுத்த அக்டோபருக்கு முன்னாடி செய்ய வேண்டியது மூணு. மழைக்காலத்துக்கு வண்டியை நிறுத்தப்போறீங்கன்னா டேங்கைக் காலி பண்ணிட்டு, இஞ்சின் தானா நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க, கார்புரேட்டரும் காலியாகிடும். பேட்டரியைக் கழட்டி உலர்ந்த இடத்துல வெச்சு, மாசம் ஒரு தடவை சார்ஜ் போடுங்க. வண்டியை பிளாஸ்டிக் ஷீட்டால இறுக்கி மூடாதீங்க, ஈரம் உள்ளேயே நிக்கும்.

உங்க வீட்டு ஜெனரேட்டருக்கும் இதே மூணுதான். ஓட்டுறவர் வேற ஆளா இருந்தா, இதையெல்லாம் அவர்கிட்டயும் சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல ஃபைபர் போட் இஞ்சின் பத்திப் பேசலாம்.