வியர்வையில் சுகர் பார்க்க முடியுமா?

(நலச்சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆய்வக டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விரலைக் குத்தாமல் சுகர் பார்க்கலாமா என்று நம் குடியிருப்பில் பலர் கேட்கிறார்கள். அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் என் வீட்டில் நடந்தது. என் வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறவர். ஊசி இல்லாமலே சுகர் காட்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். ஒரு சனிக்கிழமை காலை இன்சுலின் போட்டுக்கொண்டு, தரிசனம் முடித்துச் சாப்பிடலாம் என்று சிங்கவரம் ரங்கநாதர் கோயில் படி ஏறினார். பாதியில் உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை, கை நடுக்கம். கடிகாரத்தில் 118. படி ஏறிய வியர்வை என்றுதான் நானும் நினைத்தேன். தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. பையிலிருந்த குளுக்கோமீட்டரில் பார்த்தேன்: 52. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்படியானால் வியர்வை ஆராய்ச்சி பொய்யா? இல்லை. வியர்வையிலும் குளுக்கோஸ் இருக்கிறது. 2016-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர், வியர்வையிலுள்ள குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் நான்கையும் அளக்கும் பட்டையைச் செய்து காட்டினார்கள். குளுக்கோமீட்டர் ஸ்டிரிப்களில் பயன்படும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதிதான் அதிலும் குளுக்கோஸைக் கண்டுபிடிக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். இரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு குளுக்கோஸ்தான் வியர்வையில் வருகிறது. லட்டு தொட்ட விரலைச் சரியாகக் கழுவாவிட்டால் குளுக்கோமீட்டரே தப்பாகக் காட்டும். அவ்வளவு நுண்ணிய அளவில், தோலில் ஒட்டியிருக்கும் அழுக்கே கணக்கைக் கெடுத்துவிடும். பழைய வியர்வையும் புதிய வியர்வையும் கலக்கும். வியர்க்கும் வேகம் ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்வையே வராது. இரத்தத்தில் ஏறி இறங்குவது வியர்வையில் தெரியவும் நேரமாகும்.

இந்த ஆசை புதிதல்ல. 2001-லேயே குளுக்கோவாட்ச் என்ற கடிகாரத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லேசான மின்னோட்டத்தால் தோலுக்கடியிலிருந்து குளுக்கோஸை இழுத்து அளந்தது. தோலில் எரிச்சல் வந்தது. வியர்த்தால் அளவு விட்டுப்போனது. சரிபார்க்க விரலையும் குத்த வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், தோலைத் துளைக்காமல் சுகர் அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தது.

கையில் ஒட்டிக்கொள்ளும் சிஜிஎம் சென்சார் வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போய், திசுக்களுக்கு இடையிலுள்ள நீரில் அளக்கிறது. சில வகைகள் 14 நாள் வேலை செய்யும். டாக்டரிடம் கேட்டு வாங்கலாம்.

2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. நம் மாடிப்படியிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

இரண்டு: இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நடைப்பயிற்சிக்கும் கோயிலுக்கும் போகும்போது பையில் சர்க்கரையும் குளுக்கோமீட்டரும் இருக்கட்டும்.

மூன்று: காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறிய பேச்சு வந்தால் உடனே விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லாவிட்டால் காத்திருக்காமல் சர்க்கரையைச் சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். நெஞ்சு வலியோடு வியர்த்தாலும் 108-தான்.

வியர்வையை நம்பத்தக்க விதத்தில் அளக்கும் கருவி ஒருநாள் வரலாம். வந்தால் முதலில் வாங்குவது என் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். அதுவரை தினமும் அந்தச் சின்னக் குத்தைப் பொறுத்துக்கொள்வோம்.