கையுறையில் எஞ்சும் புரதம்: அளந்து பார்த்தே தீர்ப்புச் சொல்வோம்

(ரிங்லெட்டில் தோட்டத் தொழிலாளர்கள், கிராணிமார் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரிங்லெட்டில் நாம் கொழுந்து கிள்ளுகிறோம். இந்த மலைக்குளிர் பால்மரத்துக்கு ஆகாது. அப்படியிருக்க, ரப்பர் பாலைப்பற்றி இங்கே என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கீழ்நாட்டில் நம் உறவினர் பால்மரம் வெட்டுகின்றனர். நம் பிள்ளைகள் ஆஸ்பத்திரிகளில் தாதிகளாகவும், கையுறை ஆலைகளில் தொழிலாளராகவும் இருக்கின்றனர். அந்தக் கையுறையால் சிலருக்கு உடம்பு தடிக்கிறது, மூச்சு இரைக்கிறது என்றால், அது நம் வீட்டு விஷயமே அல்லவா?

மங்கில் வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர், பெரும்பகுதி தண்ணீர், நூற்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம். ஒவ்வாமையைத் தூண்டுவது ரப்பர் அன்று, அந்தப் புரதமே. அவற்றுள் 15 வகைகளுக்கு உலக விஞ்ஞானிகள் எண் கொடுத்திருக்கின்றனர். இரண்டாவது, நான்காவது வகைகளைப்பற்றி 1995-ல் ஆராய்ச்சி வெளியிட்டவர்களில் நமது நாட்டு ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சுந்தரேசனும் ஒருவர்.

1987-ல் அமெரிக்க அரசாங்கம், எந்த நோயாளியின் இரத்தத்தைத் தொட்டாலும் கையுறை அணியவேண்டும் என்று அறிவுறுத்தியது. கையுறைக்குக் கிராக்கி ஏறியது. பின்னர் ஒவ்வாமைப் புகார்களும் பெருகின. 1991-ல் அந்நாட்டு மருந்து அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தனர். உறைக்குள் தூவிய சோளமாவு புரதத்தைச் சுமந்து காற்றில் பறக்கும். கையுறை அணியாதவரும் அதைச் சுவாசிப்பார். 2017 ஜனவரியில் அமெரிக்கா மாவு தூவிய மருத்துவக் கையுறையைத் தடைசெய்தது.

இனி, அளப்பது எப்படி? பால் ஸ்டோரில் நிறுவை எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ‘நல்ல பால்’ என்ற வாய்ச்சொல்லுக்குக் கூலி கிடைக்காது, கணக்கில் ஏறவேண்டும். கையுறைக்கும் அதே நியாயந்தான். உறையைத் துண்டாக்கி, கரைசலில் ஊறவைப்பார்கள். புரதம் கரைசலில் இறங்கும். அதைப் பிரித்தெடுத்து மருந்து சேர்த்தால் நீலநிறம் ஏறும். நீலம் ஏற ஏறப் புரதம் அதிகம் என்று பொருள். அமெரிக்க மருத்துவக் கையுறைத் தரத்தில், பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு 200 மைக்ரோகிராம் என்பது மேல் எல்லை. ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பாகமே ஒரு மைக்ரோகிராம்!

ஆனால் எல்லாப் புரதமும் ஒவ்வாமை தருவதில்லை. ஆகவே, எதிர்ப்பொருள் கொண்டு 1, 3, 5, 6.02 என்ற நான்கு முக்கிய வகைகளைத் தனித்தனியே அளக்கும் முறையும் வந்திருக்கிறது. ஆலையில் வெந்நீரில் நன்றாக அலசினால் இந்த எண் இறங்கும். அலசும் தொட்டியைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாளியின் கையில் எங்கோ ஒரு நோயாளியின் மூச்சு இருக்கிறது.

நோயை அறிவதிலும் அவசரம் கூடாது. கையுறையால் வரும் தொல்லை மூவகை. வியர்வையும் சோப்பும் பட்டுத் தோல் வெடிப்பது ஒன்று; அது ஒவ்வாமையே அன்று. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் இரசாயனத்தால் ஓரிரு நாள் கழித்து அரிப்பும் கொப்புளமும் காண்பது இரண்டாவது. இதற்கு முதுகில் பட்டை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். இந்த இரசாயனம் செயற்கை ரப்பர் கையுறையிலும் இருக்கலாம். உறையை மாற்றினாலே போதும் என்று எண்ணாதீர்கள். மூன்றாவதுதான் புரத ஒவ்வாமை. சில நிமிஷங்களில் தடிப்பு, தும்மல், இரைப்பு. கடுமையானால் உயிருக்கே ஆபத்து. இதற்கு முதலில் வைத்தியர் விவரம் கேட்பார். பிறகு இரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்ப்பார், அல்லது தோலில் ஊசியால் லேசாகக் குத்தி 15 நிமிஷம் கவனிப்பார். ஊசிச் சோதனையை அவசர மருந்து தயாராக உள்ள இடத்தில்தான் செய்யவேண்டும். சோதனையில் அடையாளம் கண்டும், உடம்பில் தொல்லையே இல்லாதவரும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்லவேண்டும்.

தோழர்களே! ‘ரப்பர் பாலே விஷம்’ என்று பழி சுமத்தினால் மரம் வெட்டுபவரின் சோற்றில் மண் விழும். ‘எல்லாம் வீண் பயம்’ என்று தள்ளினால் ஒரு தாதியின் உயிர் போகலாம். இரண்டுக்கும் நடுவே நிற்பது அளவுகோல். ஆகவே, பலூன் ஊதும்போது உதடு வீங்குகிறதா, கையுறை போட்டதும் மூச்சு இரைக்கிறதா, வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கும் பிரசவத்துக்கும் பல் பிடுங்கவும் போகும்போது மறவாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். கையுறை வாங்கும் இடத்தில் பொறுப்பில் இருக்கும் கிராணிமார், மாவில்லாத உறையா, புரத அளவு என்ன என்று சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

நிறுவையில் ஒரு ராத்தல் குறைந்தாலும் கணக்குக் கேட்கிறவர்கள் நாம். கையில் போடும் உறைக்கும் கணக்குக் கேட்போம்.