மாடி முற்றத்துக்குக் கண்ணாடி இழைத் தளம்

பினாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைவிட இது ஏறக்குறைய ஆயிரம் மில்லிமீட்டர் அதிகம். மாடியில் துணி உலர்த்தவும் மாலையில் காற்று வாங்கவும் திறந்த முற்றம் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் நன்றாகத் தெரியும். கீழ் அறையின் கூரையில் முதலில் ஒரு பழுப்புக் கறை தோன்றும். அடுத்த மழையில் அது தட்டளவு ஆகும். அதற்கும் பிறகு, மேலே உள்ள பலகையை விரலால் குத்தினால் விரல் உள்ளே போகும்.

இத்தகைய முற்றத்தின் மேல் கண்ணாடி இழைத் தளம் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம். தெலுக் பஹாங் கரையோரம் போனால், கண்ணாடி இழையால் செய்த மீன்பிடிப் படகுகளைக் காணலாம். அதே இழைப் பாயும் அதே பாலியெஸ்டர் பிசினுந்தான் இங்கும் பயன்படுகின்றன. ஓர் ஒட்டும் இல்லாமல், படகின் வயிறு போல ஒரே தோலாக அமைவதுதான் இதன் சிறப்பு.

ஆனால் அந்தத் தோல் மேலிருந்து வரும் நீரைத் தடுப்பது போலவே, அடியில் உள்ள ஈரத்தையும் வெளியே விடாது. ஈரப் பலகைமேல் போட்டால் வெயிலில் அந்த ஈரம் ஆவியாகித் தோலைக் கொப்புளமாகத் தூக்கும். பலகையும் உள்ளுக்குள்ளேயே உளுத்துப் போகும். ஆகவே இந்த வேலையில் பாதி, பிசின் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. செப்டம்பரும் அக்டோபரும் நமக்கு அடைமழைக் காலம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. அப்போதுங்கூட மேலே தார்ப்பாய் கட்டிக்கொள்வது நல்லது. சிமெண்டுத் தளமாயின், ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டி ஓர் இரவு விட்டுவையுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி அரும்பியிருந்தால் இன்னும் காயவில்லை என்று பொருள். புதுச் சிமெண்டில் காரம் மிகுதி; அது பிசினையும் இழையையும் அரிக்கும். குறைந்தது 28 நாள் பொறுத்து, அதற்குரிய அடிப்பூச்சு அடித்த பிறகே தொடங்க வேண்டும்.

மரச்சட்டமாயின் 18 மில்லிமீட்டர் கனமுள்ள, நீரில் பிரியாத பிளைவுட் வேண்டும். தளம் 80-க்கு 1 என்ற அளவிலாவது சாய்ந்திருக்கட்டும். அதாவது 4 மீட்டர் நீளத்துக்கு 5 செண்டிமீட்டர். சுவர் ஓரத்தில் இழைப் பாயைத் தரையோடு நிறுத்திவிடாமல் 15 செண்டிமீட்டர் மேலே ஏற்ற வேண்டும். ஒழுகும் முற்றங்களைப் பார்த்தால், நடுவில் ஒழுகுபவை சிலவே. சுவர் ஓரமும், கதவடியும், நீர்க்குழாய் வாயுந்தான் வழிவிடுகின்றன.

நான்குக்கு மூன்று மீட்டர் முற்றம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் இரண்டு அடுக்கு போட்டால், 5 செண்டிமீட்டர் மேற்பொருத்தும் சேர்த்து ஏறத்தாழ 12 கிலோ பாய் பிடிக்கும். பிசின் அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. மேற்பூச்சு 6 கிலோ. பாய் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் தெளியும்வரை பிசினை ஊட்டி, வரிகள் உள்ள இரும்பு உருளையால் காற்றுக் குமிழ்களை அழுத்தி வெளியேற்றுங்கள். இந்த உருட்டலில் சோம்பினால் பின்னால் ஒழுகல்தான். மேற்பூச்சு காய்வதற்குள் சன்ன மணல் தூவினால், மழையில் கால் வழுக்காது.

பிசினோடு ஊக்கித் திரவத்தை நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கலப்பார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஒன்றே பெரும்பாலும் போதும். அதற்கும் குறைத்தால் என்றைக்கும் முழுமையாக இறுகாது. ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். வாளியில் மிஞ்சியது தானாகவே சூடேறிப் புகையும். ஊக்கி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணியாமல் அதைத் தொடவே கூடாது. பட்டுவிட்டால் கால் மணி நேரம் நீரால் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பக்கத்தில் சிகரெட்டும் அடுப்பும் ஆகா.

ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை மூச்சுவிடுவதுபோல் வெளியே விடும். நடுவில் உள்ள திறந்த முற்றத்தின் தரையைக் கண்ணாடி இழையால் மூடினால், அந்த ஈரம் பக்கச் சுவர்களில் ஏறிச் சுண்ணாம்பை உதிர்க்கும். இந்தத் தளம் மாடிக்கு உரியது, மண்தரைக்கு உரியதன்று. மேலும், ஜார்ஜ் டவுன் 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த நகரம். அந்த வட்டாரத்தில் எதை மாற்றுவதானாலும் முதலில் மாநகர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து ஒரு வாரம் சென்றபின், நீர்க்குழாய் வாயை அடைத்துத் தாழ்ந்த பக்கம் 5 செண்டிமீட்டர் நிற்கும்படி தண்ணீர் விட்டு, ஒரு நாள் முழுதும் வைத்திருங்கள். கீழ் அறையில் விளக்கைப் போட்டுக் கூரையைப் பாருங்கள். மேஸ்திரிக்கு மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.