நெற்றியை எட்டும் கை



ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்தில் கை சூம்பிய ஒருவரை இயேசு நலப்படுத்தியதை இன்றைய நற்செய்தியில் (லூக் 6:6-11) கேட்டோம். மத்தேயுவும் மாற்கும் கை என்று மட்டும் சொல்ல, அது வலக்கை என்று லூக்கா குறிப்பிடுகிறார். உழைக்கும் கை, உண்ணும் கை, சிலுவை அடையாளம் வரையும் கை அது.

அந்தக் கை முடங்கிப்போவதன் வேதனையைத் தோள்பட்டை எலும்பு முறிந்தவர்கள் நன்கு அறிவார்கள். திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1993ஆம் ஆண்டு நவம்பரில் தடுமாறி விழுந்தபோது, அவரது வலத் தோள்மூட்டு விலகி, எலும்பில் சிறு முறிவும் ஏற்பட்டது. மக்களுக்கு ஆசி வழங்கிய கை கட்டுக்குள் அடங்கியது. நம் வீடுகளிலும் குளியலறையில் ஒரு வழுக்கல் போதும். எலும்பு வலுவிழந்த முதியவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, மேற்கை எலும்பின் தலைப்பகுதி எளிதில் நொறுங்கிவிடுகிறது. துண்டுகள் பெரிதும் விலகிவிட்டால், பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து மருத்துவர்கள் இணைக்கிறார்கள். இணைக்கவே முடியாதபோது செயற்கை மூட்டு பொருத்துகிறார்கள்.

அறுவைச் சிகிச்சை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கை மீண்டும் உயர்வதற்கோ பல மாதங்கள் ஆகும். வலிக்கு அஞ்சி அசைக்காமலே வைத்திருந்தால், எலும்பு கூடினாலும் மூட்டு இறுகிவிடும். அதனால்தான் மருத்துவர் அனுமதித்தவுடன், குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம்போல மெல்ல ஆட்டச் சொல்கிறார்கள். பிறகு நல்ல கையால் நோயுற்ற கையைத் தூக்க வேண்டும். பிறகு சுவரில் விரல்களை ஊன்றி ஏற்ற வேண்டும். நேற்று எட்டிய இடத்திலிருந்து இன்று ஒரு விரற்கடை உயர்ந்தால், அதுவே பெரிய வெற்றி.

இதை நமக்காக வேறு யாரும் செய்ய முடியாது. மருமகள் தலை வாரிவிடுவது அன்பு. சில வாரங்கள் கழித்துச் சீப்பை மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டுப் பொறுமையோடு காத்திருப்பதும் அன்புதான்.

அன்புக்குரியவர்களே, இயேசு அந்த மனிதரின் கையைத் தொட்டதாக லூக்கா எழுதவில்லை. அவரை நடுவில் நிற்கச் சொன்னார். கையை நீட்டச் சொன்னார். எது அவரால் முடியாதோ, அதையே கேட்டார். அவரும் நீட்டினார், நலம் பெற்றார். இறையருள் நம் முயற்சியை ஒதுக்கிவிடுவதில்லை, அதற்கு வலுவூட்டுகிறது.

எலும்பு முறியாமலேயே மடங்கிக் கிடக்கும் கைகளும் நம்மிடையே உண்டு. சொத்துத் தகராறு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால், அண்ணனை நோக்கித் தம்பியின் கை இன்னும் நீளவில்லை. காயம் ஆறிவிட்டது, பழைய வலியின் அச்சம் மட்டும் உள்ளத்தை இறுகச் செய்துவிட்டது. முதல் அசைவு வலிக்கத்தான் செய்யும். இருந்தும் நீட்டிப் பார்ப்போம்.

எவ்வளவு முயன்றும் சிலருக்குக் கை பழையபடி உயர்வதில்லை. அவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். நெற்றியை எட்டாத கையின் செபமும் விண்ணகத்தை எட்டும். காணாமற்போன ஆட்டைத் தோள்மேல் சுமந்து வந்த ஆயர் அவர்களையும் சுமக்கிறார். அவர்களுக்குத் தோள் கொடுக்க நம்மையும் அழைக்கிறார்.

ஆண்டவரே, முடங்கிய எங்கள் கைகளை உம் சொல்லை நம்பி நீட்டத் துணிவு தாரும். ஆமென்.