மூத்தோர் இல்லத்து ஜன்னலில் ஒரு ரப்பர் மரம்



ஜோகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1922-ல் சிறு குடிலாகத் தொடங்கிய ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம், ஏறக்குறைய 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டு 2009-ல் புதுக்கோலம் பூண்டது. பாங்காக்கின் ஓர் ஆலயத்தில் மின்னிய ஒளிதான் அதற்குத் தூண்டுதல். உள்ளே நுழைகிற எந்தப் பாட்டிக்கும் முகம் மலர்ந்துவிடும். அந்தக் கலையில் கொஞ்சம் மூத்தோர் இல்லங்களுக்கும் போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். ஆனால், அப்படியே பெயர்த்துக்கொண்டு போகக் கூடாது.

கோயிலுக்கு அரை மணி நேரம் போய் வருகிறோம். இல்லத்திலோ நாள் முழுவதும் வாசம். 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போய்ச் சேர்கிறது. வெளிச்சம் கூடுதலாக வேண்டும், பளபளப்போ கூசும். மறதி நோய் உள்ளவர் நிலைக்கண்ணாடியில் தம்மையே பார்த்து, யாரோ அந்நியர் அறைக்குள் நிற்பதாக மிரளுவதுண்டு. ஆகவே பிரதிபலிக்கும் கண்ணாடி வேண்டாம். ஒளி ஊடுருவும் வண்ணக் கண்ணாடி போதும்.

அதில் என்ன வரைவது? ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் ஒரு முடிவை வெளியிட்டார். பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கல் சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் பார்த்தது உண்மை மரம்; கண்ணாடி இலை அதற்கு ஈடாகாதுதான். மரமே தெரியாத அறைக்கு அதுவாவது இருக்கட்டுமே!

ஜோகூர்த் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளுக்கு ஐரோப்பிய லில்லிப் பூ எதற்கு? ரப்பர் இலையே இருக்கிறது, காம்புக்கு மூன்றாக. உதிரும் பருவத்தில் செம்மையும் ஆரஞ்சுமாக மாறும். மூப்பில் கண்வில்லை மஞ்சளிக்கும்போது நீலம் மங்கினாலும் இந்த நிறங்கள் எடுப்பாகவே தெரியும்.

உடைந்தாலும் சிதறாத, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியாக இருக்க வேண்டும். ஓவியம் ஜன்னலின் மேல்பாதியில் போதும். கீழ்ப்பாதி தெளிவாக இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் வாசலில் யார் வருகிறார் என்று பார்க்க வேண்டுமே!

தீபாவளிக்கு அரிசியும் பிஸ்கட் டின்னும் கொண்டு போகும் சங்கங்கள் இதையும் யோசிக்கலாம். எந்த மரம் வேண்டும் என்று மட்டும் அங்குள்ளவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள். விடியும் முன்பே எழுந்து பால் வெட்டப் போனவருக்கு, இனி ரப்பர் மரமே கண்ணில் பட வேண்டாம் என்றும் இருக்கலாம்.