கடலேறும் குடும்பத்தார் கவனத்திற்கு



கோலார் தங்கவயல் கடலறியாத ஊர். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், கர்நாடக மேட்டுநிலத்தில் அமைந்தது. ஆயினும் அவ்வூர்ச் சுரங்கங்களுள் மிக ஆழமானதாகிய சாம்பியன் ரீஃப், தரைக்குக் கீழே ஏறத்தாழ 3,200 மீட்டர், அதாவது 10,000 அடிக்கு மேல் இறங்கியிருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், அதன் அடிமட்டத்தில் உழைத்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் கடல்மட்டத்திற்கும் கீழே 7,000 அடிக்கு மேற்பட்ட ஆழத்தில் நின்று பாறையைக் குடைந்தார்கள் என்பது விளங்கும். அப்படிப்பட்டவர்களுள் பலர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் கடலைக் கண்ணாற் கண்டதில்லை. எங்கள் தந்தையாரும் அவர்களுள் ஒருவராக இருந்தார்.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காட்டிலிருந்தும் அதனை அடுத்த பகுதிகளிலிருந்தும் நம்மவர் சென்று குடியேறினர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வூர் மக்களுள் பெருந்தொகையினர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அவர்களுக்கும் விடுமுறை வருகிறது. அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் கப்பலில் ஏறிப் பார்க்க வேண்டுமென்ற ஆசை உண்டாகிறது. தங்கவயலில் மட்டுமன்று, மும்பையிலும் தில்லியிலும் நாகபுரியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இவ்வாசை உண்டு. ஆதலின் குடும்பத்தோடு கடற்பயணம் செய்வோர் அறியவேண்டியவற்றை இன்று சிறிது பேசலாமென எண்ணுகிறோம்.

நம் மொழியில் கப்பலேறுதல் என்பது நெடுங்காலம் மகிழ்ச்சிக்குரிய சொல்லாக இருந்ததில்லை. ஒருவருடைய மானம் போனால் அது கப்பலேறிற்று என்கிறோம். தோட்ட வேலைக்காகக் கடல் கடந்தவர்கள் திரும்பி வருவார்களோ மாட்டார்களோ என்று கரையில் நின்று அழுத தலைமுறைகள் நமக்கு உண்டு. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களுக்கு அரை நூற்றாண்டுக்கு நெருங்கிய காலம் நம்மவரைச் சுமந்து சென்றது. அதன்பின் வந்தது சிதம்பரம் என்னும் கப்பல். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அக்கப்பலின் பயணிகள் சேவையும் அத்தோடு முடிந்தது. இன்றோ பிழைப்புக்காகவன்றிப் பொழுதுபோக்கிற்காகக் கப்பலேறும் காலம் வந்துவிட்டது.

இப்போது நம்மவர்க்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, சென்னையிலிருந்து அந்தமான் செல்லும் அரசுப் பயணிகள் கப்பல். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயருக்கு ஏறத்தாழ மூன்று நாட்பயணம். இரண்டாவது, நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கப்பெற்ற கப்பல். இது சில மணி நேரப் பயணமே. ஆயினும் மழைக்காலத்தில் நிறுத்தப்படுவதுண்டு. மூன்றாவது, உல்லாசக் கப்பல். 2022 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து அத்தகைய கப்பலொன்று பயணந் தொடங்கியது. அது நீந்துகுளமும் அரங்கும் உணவுக்கூடங்களும் உடைய மிதக்கும் விடுதி என்றே சொல்லலாம்.

இம்மூன்றில் எதனைத் தேர்ந்தாலும் முதலிற் பார்க்கவேண்டியது பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலிற் புயல் எழும் காலம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அந்தமான் கடல் கொந்தளிக்கும். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரையுள்ள காலமே முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்வதற்கு ஏற்றது. புறப்படும் நாள் மாறக்கூடும் என்பதை எப்போதும் நினைவிற் கொள்ள வேண்டும். திரும்பி வந்த மறுநாளே அலுவலகத்திற் கையெழுத்திட வேண்டுமென்ற கணக்கோடு கப்பலேறுவது அறிவுடைமையாகாது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களை விட்டு வைக்க வேண்டும்.

அடுத்து ஆவணங்கள். அந்தமான் நம் நாட்டின் பகுதியாதலின் இந்தியக் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டுவதில்லை. அரசு வழங்கிய அடையாள அட்டை போதும். குழந்தைகளுக்கும் அது வேண்டும். இலங்கைக்குச் செல்வோர்க்குக் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் இன்றியமையாதவை. மத்திய அரசு ஊழியர்களுக்கு நான்காண்டுத் தொகுதியில் ஒருமுறை இந்தியாவில் எவ்விடத்திற்கும் சென்றுவர விடுப்புப் பயணச் சலுகை உண்டு. அந்தமான் கப்பலும் அதில் அடங்கும். ஊதிய நிலைக்கேற்ப அறையின் வகுப்பு அமையும். பயணச்சீட்டின் ஒரு துண்டையும் எறிந்துவிடாது பத்திரப்படுத்துக.

இவ்விதிகளையெல்லாம் அலுவலகத்திலே மொழிபெயர்த்து மொழிபெயர்த்து மனப்பாடமாக்கியவர்கள் நாங்கள். ஆயினும் 2018ஆம் ஆண்டு தை மாதத்தில் தந்தையாரையும் தாயாரையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு அந்தமான் கப்பலில் ஏறியபோது, எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படாத ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டோம். அதைச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது.

தந்தையார் முப்பத்தாறு ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவர். பாறைத்தூசி அவருடைய நுரையீரலிற் படிந்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்கும். இந்நிலையில் அவரைக் கப்பலில் அழைத்துச் செல்லலாமா என்று வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. நடுக்கடலில் மருத்துவமனை இல்லை. கப்பல் மருத்துவரிடம் உள்ள கருவிகளும் மருந்துகளுமே துணை. தாயார் வேண்டாமென்றார். தந்தையாரோ, கடலைப் பார்க்காமற் போவதில்லை என்றார். மருத்துவரைக் கேட்டோம். அவர் நன்றாகச் சோதித்து, இரண்டு உறிஞ்சு மருந்துகளையும் சில மாத்திரைகளையும் எழுதிக் கொடுத்து, இவை கையைவிட்டு அகலலாகாது என்று கூறி இசைந்தார்.

பங்காருப்பேட்டையில் ரயிலேறிச் சென்னை சேர்ந்தோம். சீட்டு வாங்கச் சிறிது தாமதித்தமையால் அறைகளெல்லாம் நிரம்பிவிட்டன. பங்க் எனப்படும் பொதுக்கூடத்திலேதான் இடம் கிடைத்தது. கீழ்த்தளத்தில், இரண்டடுக்குப் படுக்கைகள் வரிசையாக அமைந்த பெரிய கூடம் அது. மூட்டை முடிச்சுகளையெல்லாம் படுக்கையடியில் தள்ளினோம். எங்கள் பெட்டிக்கு முன்னால் அண்டை அயலார் பெட்டிகளும் மூட்டைகளும் அடுக்கப்பட்டன.

முதல் நாளிரவு கடல் சற்றே அசைந்தது. நள்ளிரவில் தந்தையாருக்கு மூச்சு இறுகியது. உறிஞ்சு மருந்து எங்கே? கைப்பையில் இல்லை. பத்திரமாக இருக்கட்டுமென்று பெரிய பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே நாங்களே வைத்திருந்தோம்! மங்கிய விளக்கொளியில் பிறருடைய பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்தோம். உறங்கியோர் விழித்தனர். யார், எவர் என்று கேளாமல் நான்கைந்து பேர் இறங்கி வந்து உதவினர். மருந்து கைக்கு வர இருபது நிமிடங்கள் ஆயின. அந்த இருபது நிமிடங்களும் தாயார் தந்தையாரின் முதுகைத் தடவிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். அம்மௌனத்தை இன்றும் எங்களால் மறக்க முடியவில்லை. ஒருவர் ஓடிச்சென்று கப்பல் மருத்துவரையும் அழைத்து வந்தார். மருந்தும் மருத்துவமும் சேர்ந்து ஒருவாறு மூச்சு சீராயிற்று.

பொழுது புலர்ந்ததும், மருத்துவர் அனுமதியோடு தந்தையாரை மேல்தளத்தில் காற்றோட்டமான இடத்தில் அமர்த்தினோம். அவர் எங்களைக் கடியவில்லை. "ஏம்பா, விளக்கைப் பார்க்காமல் கூண்டிலே ஏறுவோமா நாங்கள்? மருந்தும் அப்படித்தான்" என்றார். சுரங்கத்தில் இறங்குவோன் விளக்கைத் தன் மேனியில் தாங்கியே இறங்குவான். பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் அவர் கடைப்பிடித்த அவ்வொழுக்கத்தை, பட்டம் படித்த நாங்கள் ஒருநாட் பயணத்தில் மறந்தோம்.

ஆகவே நேயர்களே, முதற்குறிப்பு இது: உயிர்காக்கும் மருந்து, மூக்குக் கண்ணாடி, அடையாள அட்டை, சிறிது பணம், ஒரு கைவிளக்கு ஆகிய ஐந்தும் எப்போதும் உடலோடு ஒட்டிய சிறு பையில் இருக்கவேண்டும். மருந்தை இரண்டு பங்காக்கி இருவரிடம் கொடுத்து வைப்பது இன்னும் நன்று. மருத்துவர் சீட்டின் படி ஒன்றும் உடனிருக்கட்டும். முதியோர்க்கும் நோயாளர்க்கும் அறை வேண்டுமாயின், பயண நாள் அறிவிக்கப்பட்டவுடனேயே சீட்டுக்கு முயலவேண்டும். புறப்படும் நாளன்று காலையிற் சென்னை சேரும் ரயிலை நம்பலாகாது. முதல் நாளே சென்றுவிட வேண்டும்.

கடல்மயக்கம் பலருக்கும் உண்டாவது. கண் ஒன்றைக் காண, காதினுள்ளே சமநிலை காக்கும் உறுப்பு வேறொன்றை உணர்வதால் இது விளைகிறது. ஆதலின் அசைவு மிகும்போது புத்தகம் படித்தலையும் கைப்பேசி பார்த்தலையும் விட்டு, தொடுவானத்தை நோக்கியிருத்தல் நலம். கப்பலின் நடுப்பகுதியே குறைவாக அசையும். முன்முனையும் பின்முனையும் மிகுதியாக அசையும். அறை தேர்வோர் நடுவிலுள்ள கீழ்த்தள அறையைக் கேட்கலாம். மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, கப்பல் புறப்படுமுன்னரே உட்கொள்ள வேண்டும். மயக்கம் வந்தபின் உட்கொண்டாற் பயன் குறைவு. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. கப்பலில் உணவு கிடைக்குமாயினும் இட்லி மிளகாய்ப்பொடி, புளிச்சாதம், உலர்ந்த ரொட்டி, உப்பிட்ட எலுமிச்சை, இஞ்சி ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லுங்கள். எண்ணெய்ப் பலகாரங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். கப்பலின் இரும்புக் கதவுகள் கனமானவை. கப்பல் சாயும்போது தாமே அறைந்து மூடும். விரல்கள் நசுங்குவது உண்டு. வாயிற்படிகள் உயர்ந்தவை, ஈரத்தில் வழுக்கும். ஆதலின் பிடிமானமுள்ள காலணி அணிவித்து, ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கப் பழக்க வேண்டும். கம்பித்தடுப்பின்மேல் ஏறவிடலாகாது. கரையை விட்டு அகன்றபின் கைப்பேசி வேலை செய்யாது. உறவினருக்கு முன்னரே சொல்லி வையுங்கள், இல்லையேல் அவர்கள் வீணாகக் கலங்குவர்.

கப்பலேறியவுடன் உயிர்காப்புச் சட்டை அணியவும் கூடுமிடத்திற்குச் செல்லவும் பயிற்சி அளிப்பர். பலர் அதனை விளையாட்டாகக் கருதி அறையிலேயே தங்கிவிடுகின்றனர். 2012 ஜனவரியில் இத்தாலிக் கடற்கரையருகே கோஸ்டா கான்கார்டியா என்னும் உல்லாசக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி அதுவரை நடத்தப்படவில்லை. அதன்பின்னரே, புறப்படுமுன்னோ புறப்பட்டவுடனோ பயிற்சி நடத்துவது விதியாயிற்று. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் அபாய அறிவிப்பு என்பதைக் குழந்தைகளுக்கும் கற்பியுங்கள். தங்கவயலில் சங்கு ஊதினால் அதன் பொருள் அறியாத குழந்தை இருந்ததில்லை. கப்பலிலும் அவ்வாறே இருக்கவேண்டும்.

உல்லாசக் கப்பலில் செல்வோர், விளம்பரத்திற் கண்ட தொகையோடு வரி, துறைமுகக் கட்டணம், பணியாளர் அன்பளிப்பு ஆகியன சேருமா என்று முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். எவ்வெவ்வுணவு கட்டணத்தில் அடங்கும், எது தனி விலை என்பதையும் கேட்டுக்கொள்க. இடைத்துறையில் இறங்கி ஊர் பார்ப்போர் குறித்த நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகவே திரும்பிவிட வேண்டும். ரயிலைத் தவறவிட்டால் அடுத்த ரயில் உண்டு. கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்திற்கு நம் செலவிலேயே செல்லவேண்டும்.

எங்கள் பயணத்தின் மூன்றாம் நாள், தீவுகளின் பச்சைக் கோடு தெரியத் தொடங்கியது. தந்தையார் அதற்கு முன்னைய நாள் முழுவதும் மேல்தளத்திலேயே அமர்ந்திருந்தார். பேரக்குழந்தை, "தாத்தா, சுரங்கம் பெரிதா, கடல் பெரிதா?" என்று கேட்டது. அவர் சிறிது யோசித்து, "கடல்தான். இங்கே காற்றுக்குக் குழாய் வைக்க வேண்டியதில்லையே" என்றார்.

மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். அன்று மருத்துவர் மறுத்திருந்தாலோ, அவ்விரவில் மருந்து கிடைக்காமற் போயிருந்தாலோ என்னவாகியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு நடுங்குகிறது. ஆயினும் அவர் கடலைக் கண்டார் என்பது எங்கள் வீட்டிற்கு ஒரு நிறைவு.

உங்கள் வீட்டிலும் கடலைக் காணாத முதியவர் ஒருவர் இருக்கலாம். மருத்துவரைக் கேளுங்கள், அவர் இசைந்தால், காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள். மருந்தை மட்டும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள்.