பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

சென்னையில் பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வரை போனவர்களுக்கு, தண்டவாளத்துக்குக் கீழே கறுத்துக் கிடக்கும் நீர் தெரிந்திருக்கும். பக்கிங்ஹாம் கால்வாய். அந்தப் பெயருக்குரிய மனிதரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மூன்றாம் பக்கிங்ஹாம் கோமகன், ரிச்சர்ட் கிரென்வில், 1823இல் பிறந்தார். இங்கிலாந்தின் பெரிய வம்சங்களில் ஒன்று. ஆனால் அப்பா வைத்த கடனால் 1848இல் அவர்களுடைய ஸ்டோ மாளிகைச் சாமான்களை 40 நாள் ஏலம் போட்டார்கள். மகன் உழைத்துத் தலைநிமிர்ந்தவர். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனிக்கு எட்டு வருடம் தலைவர். 1867இல் காலனிகளைக் கவனிக்கும் அமைச்சர். தம் பண்ணைக்குச் சொந்தச் செலவில் குதிரை இழுக்கும் ஒரு சின்ன ரயில் பாதையும் போட்டுக்கொண்டார். 1875 நவம்பரில் மதராஸ் கவர்னராக வந்து சேர்ந்தார்.

மறு வருடமே மழை பொய்த்தது. நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அதுதான். கவர்னரின் அரசு 30,000 டன் தானியத்தை ஓசைப்படாமல் வாங்கத் தொடங்கியது. சந்தையில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்று இந்திய அரசு தடுத்தது. அடுத்து வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். நிவாரண வேலைக்கு வருகிறவனின் கூலியைக் குறைத்தார்: ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும். நாளெல்லாம் மண் சுமக்கிற ஆளுக்கு அது எந்த மூலைக்கு, நீங்களே சொல்லுங்கள்.

மதராஸ் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை விடாமல் எதிர்த்தார். கோமகனின் அரசு அவர் பக்கம் சாய்ந்தது. 1877இல் ஒன்றேகால் பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் என்று படி உயர்ந்தது. கார்னிஷ் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் கோமகன் மதராஸில் பொதுக்கூட்டம் கூட்டி லண்டன் மேயருக்குத் தந்தி அடித்தார். இங்கிலாந்திலிருந்து ஐந்து லட்சம் பவுனுக்கு மேல் நன்கொடை வந்தது. அப்படியும் மாகாணத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனாலும் மேலிடத்தோடு மல்லுக்கு நின்றாரே, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி என் கால்வாய்க்கு வருகிறேன். வடக்கே 1806 முதலே துண்டு துண்டாக வெட்டியிருந்தார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் பாக்கி இருந்தது. 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக அதைத் தோண்டியவர்கள் பசித்த ஜனங்கள். கரை நெடுகக் கூடை கூடையாக மண் சுமந்து, ஒரு பிடி சோற்றுக்காக வெட்டிய வாய்க்கால் அது. 1878இல் கவர்னர் பெயரை வைத்தார்கள்.

பொதுப்பணித் துறையில் இருந்தபோது தெற்குப் பக்கம் ஒரு பழைய லாக்கை, அதாவது படகுகளை ஏற்றி இறக்கும் மதகை, அளக்கப் போயிருந்தோம். கருங்கல் விளிம்பில் கயிறு உரசி உரசி, விரல் புதையும் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "காத்து இல்லாட்டி கரையில நடந்தே இழுப்போம் சார். விறகு, உப்பு, கிளிஞ்சல் எல்லாம் இதுல தான் பட்டணம் போச்சு" என்றார். அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாரதிதாசன் நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குப் படகில் போனதும் இந்த நீரில்தான். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அப்படிப் பிறந்தது. பிறகு புயல்கள் அடித்தன, லாரிகள் வந்தன, நாம் கழிவை விட்டோம், ரயில் தூண்களை நட்டோம்.

நேரம் நெருங்குகிறது. கோமகன் 1880இல் ஊர் திரும்பினார். 1889இல் ஆண் வாரிசின்றி இறந்தார், பட்டமும் முடிந்தது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் கரையில் குடியிருக்கும் நேயர்களே, குப்பைப் பையை அந்த நீரில் வீசாதீர்கள். பட்டினியில் வெட்டியவர்களுக்காகவாவது நம் காலத்திலேயே அதைத் தூர் வாரி ஓட விடுவோம்.